ரேடியேட்டரில் இரண்டு கிலோ புளி

பட்டம் வாங்கிய புதிதில் யாரையும் வீட்டில் தனியாக விடக் கூடாது. ஒரு வருஷமாவது யாராவது கூடவே இருந்து கண்காணிக்க வேண்டும். படித்தது முழுவதும் அப்போது தலையில் அப்படியே இருக்கும். எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் நிம்மதி. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. படித்ததை நான் இறக்கி வைத்த இடம் என் மாமனாருடைய காரின் ரேடியேட்டர்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கார் சுதந்திரத்துக்கு முந்திய மாடல். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து மாமனார் வாங்கியது. (கம்பெனி பெயர் வேண்டாம். நான் செய்த காரியத்துக்கு அவர்கள் எந்த விதத்திலும் பொறுப்பில்லை.) மேலே கான்வாஸ் கூரை, அதைப் பின்னால் மடித்துவிடலாம். முன்கண்ணாடியையும் படுக்க வைத்துவிடலாம். அதனால் எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முந்தின நாள் சாயங்காலம் ஜானவாசத்துக்கு அந்தக் கார்தான் போகும். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, திறந்த காரில் உட்கார வைத்து, மேளதாளத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவதுதான் ஜானவாசம். ஓட்டுவது மாமனாரே. வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார். மாமியார் அந்தக் காரை "உங்க மூத்தவ" என்றுதான் குறிப்பிடுவார்.

ஊரார் வீட்டு மாப்பிள்ளைகளையெல்லாம் ஏற்றிய வண்டியில் தன் வீட்டு மாப்பிள்ளையை ஏற்ற வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. காப்பியில் சர்க்கரை போட மறந்தால்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு ஒரே பெண், மாலதி. எனக்கு நாத்தனார். மாலதிக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஆனால் சித்திரையிலேயே கார் கொதிக்க ஆரம்பித்தது. லஸ்ஸுக்குப் போய்த் திரும்புவதற்குள் முன்பக்கம் ஆவி பறக்கும். ஜானவாசத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது மந்தைவெளியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் எத்திராஜை வரவழைத்தோம். எத்திராஜ் எல்லாரையும் ஒருமையில்தான் பேசுவார். மரியாதை முழுவதும் 'சார்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

"சார், ரேடியேட்டர் உள்ள சுண்ணாம்பாட்டம் படிஞ்சி அடைச்சிக்கினு கீது. இன்னா தண்ணி ஊத்தறே?"

"நம்மாத்துக் கிணத்துத் தண்ணிதான்" என்றார் மாமனார்.

"அதான் சார். பருப்பே வேகாத தண்ணிய இஞ்சினுக்கு ஊத்துனா அது இன்னா பண்ணும்?"

இஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கும்போது காற்று பட்டு ஆறி, மறுபடி இஞ்சினுக்குப் போக வேண்டும். குழாய்கள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஆறாது, கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றி தி. நகரில் ஓர் ஆளிடம் கொடுத்துப் பிரித்துக் கழுவ வேண்டும், நாலு நாளாகும் என்றார் எத்திராஜ். எங்களிடம் இருந்தது இரண்டு நாள்.

"தேனாம்பேட்டையில ஒருத்தர் திறந்த கார் வாடகைக்கு விடறாராம்ப்பா. கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் என் கணவர்.

"சரி. அப்படியே பண்ணிடு" என்றார் மாமனார். பிறகு காரிடம் போய், ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். முதுகைத்தான் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. அந்த நாலு மாதத்தில் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். அவருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நிஜமாகவே தோன்றியது. அதோடு என் படிப்பு அந்த வீட்டில் யாருக்காவது தெரிய வேண்டும் என்றும் தோன்றியது. (எது முதலில் தோன்றியது என்று இத்தனை வருஷம் கழித்து விசாரிக்க வேண்டாம்.)

"அப்பா, ரேடியேட்டர் எதால பண்ணினது?"

"பித்தளை. நடுவுல செம்பு."

"உள்ளே அடைச்சிண்டிருக்கறது வெறும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க ஒரு ஆசிட் போறும். புளியில டார்ட்டாரிக் ஆசிட் இருக்கு."

மாமியார் சமையலறை வாசலுக்கு வந்தார். "பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டு நாங்களும்தான் தேய்க்கறோம். அது வெளியில. இதுக்கு உள்ளே எப்படித் தேய்ப்பே?"

"தேய்க்கவே வேண்டாம்மா. கரைச்சு ஊத்தி ஊற விட்டாப் போறும்."

"அவளுக்குத் தெரியும்மா" என்றார் என் கணவர். (கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் கடைசித் தடவையும்.)

கல்யாணச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த மூட்டையிலிருந்து இரண்டு கிலோ புளி எடுத்தேன். வெந்நீரில் ஊற வைத்துக் கரைத்தேன். கரைக்கும்போதே கை தானாகப் போய் இரண்டு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டது. பித்தளை தேய்க்கிற எந்த வீட்டிலும் உப்பில்லாமல் புளி கிடையாது. உப்பு உலோகத்தை அரிக்கும் என்பது கல்லூரியில் முதல் வருஷப் பாடம். அந்த ஒரு பாடம் மட்டும் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

ரேடியேட்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. கணவர் படுத்துக்கொண்டு அதைத் திறந்தார். செம்மண் நிறத்தில் தண்ணீர் அவர் சட்டைக்குள் போயிற்று. திருகை மூடிவிட்டு முதல் வாளிக் கரைசலை, பழைய வேஷ்டியில் வடிகட்டி, மேல் மூடி வழியாக ஊற்றினோம். கால் மணி இஞ்சினை ஓட விட்டுத் திறந்தால், வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் வந்து விழுந்தன. நான் அதில் ஒன்றை எடுத்து மாமியாரிடம் காட்டினேன். இரண்டாவது வாளிக்கு இன்னும் பெரிய செதில்கள். பக்கத்து வீட்டு மாமிகள் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். நான் அவர்களுக்குச் சமன்பாட்டை விளக்கினேன்.

மூன்றாவது வாளியை இரவெல்லாம் உள்ளேயே ஊற விடுவதாகத் திட்டம். அதற்குள் கை ஓய்ந்துவிட்டது, வேஷ்டியும் கிழிந்துவிட்டது. மாவு சலிக்கிற சல்லடையை வைத்து வடிகட்டினேன். சல்லடை ஓரத்தில் வழிந்து கொஞ்சம் கோதும் நாரும் உள்ளே போவது தெரிந்தது. தண்ணீரோடு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் திறந்துவிட்டு ஒரே ஒரு முறை அலசி, குழாயில் வந்த குடிதண்ணீரை நிரப்பினோம். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் உள்ளே புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. மாமனார் ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரி" என்றார். தேனாம்பேட்டைக் காரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. என் கால் தரையில் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் காருக்கு அடியில் ஈரம். முன்பக்கத்தில் ஏழெட்டு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எத்திராஜ் வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாமா போட்டே இதுல?"

சொன்னேன்.

"பழைய ரேடியேட்டர்மா. அங்கங்க பொத்தல் கீது. அந்த அழுக்குதான் பொத்தல அடைச்சிக்கினு காப்பாத்திக்கினு இருந்துச்சி. நீ அத்தப் போயி சுத்தம் பண்ணிட்டே."

தேனாம்பேட்டைக் கார் அதற்குள் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டது. மாமனார் மறுபடி கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எத்திராஜ் யோசித்தார். "ஒரு வழி கீது. நாலு முட்டைய ஒடச்சி வெள்ளைக் கருவ மட்டும் ஊத்துனா, சூட்டுல வெந்து பொத்தல அடைச்சிக்கும்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் மட்டும் வந்தது. "கல்யாண ஆத்துலயா?"

"அப்போ மஞ்சத்தூள் போடு. அதுவும் நிக்கும். ஒரு நாளைக்கித் தாங்கும்."

கல்யாண வீட்டில் மஞ்சள்தூளுக்கு என்ன குறை. எத்திராஜ் இரண்டு ஸ்பூன் என்றார். நான் ஒரு டம்ளர் போட்டேன். இஞ்சினை ஓடவிட்டதும் சொட்டுவது குறைந்து, நின்றும்விட்டது. மாமனார் பட்டினப்பாக்கம் வரை கடற்கரைக் காற்றில் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். ஆவியே வரவில்லை. வேகமாகப் போனால் எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றும், ஜானவாசத்தில் கார் ஆமை வேகத்தில் போகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. முன்பக்கமெல்லாம் மஞ்சள் கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்ததுதான் கண்ணில் பட்டது. ஜானவாசத்தன்று பூக்காரரிடம் சொல்லி முன்பக்கம் முழுவதையும் சாமந்திச் சரத்தால் இடைவெளியில்லாமல் மூடச் செய்தேன். காற்று போக இருந்த ஒரே வழியும் அத்துடன் அடைந்தது.

கிளம்பும் நேரத்தில் எத்திராஜ், கஞ்சி போட்ட சட்டையில் விருந்தாளியாக வந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எதுக்கும் ஒரு கொடம் தண்ணி வண்டி கூடவே வரட்டும்மா." ஊர்வலத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, வாயில் மாவிலை செருகி, குங்குமம் இட்டு இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஸ்ரீதரன் காரில் ஏறினார். நாங்கள் தைத்துக் கொடுத்த சந்தன நிற சூட்டு, பெல்பாட்டம், மெரூன் டை. மாமனார் புது வேஷ்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் திருச்சியிலிருந்து வந்திருந்தார். நிச்சயதார்த்தத்தன்றே தட்டு வரிசையில் மூன்று குற்றம் கண்டுபிடித்தவர். எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்தது அவருக்குத்தான். அவர் என் குடத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "பூர்ணகும்பத்தோட வரா பாரு. சம்பிரதாயம் தெரிஞ்சவாதான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

பாதி வழி ஒழுங்காகப் போயிற்று. தெருமுனையில் யாரோ ஒரு ரசிகர் கேட்டுக்கொண்டதற்காக நாதஸ்வர வித்வான் நின்று தோடியை எடுத்தார். தோடி பத்து நிமிஷத்தில் முடிகிற சமாசாரமில்லை. ஊர்வலம் நின்றது. கார் நின்றது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கால் மணி கழித்து அத்தை மூக்கை உறிஞ்சினார். "மண்டபத்துல ரசம் கொதிக்கறது போல இருக்கே."

"மண்டபம் இன்னும் அரை மைல் இருக்கு மாமி" என்றார் யாரோ.

நான் காரைப் பார்த்தேன். புளி, உப்பு, மஞ்சள். ஒன்றும் குறைவில்லை, கொதிதான் பாக்கி இருந்தது, அதுவும் வந்துவிட்டது. சாமந்திப் பூக்களின் நடுவிலிருந்து மெல்ல ஆவி வர ஆரம்பித்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அந்தக் காரில் ரேடியேட்டர் மூடி வெளியிலேயே, மூக்கு நுனியில் இருக்கும். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் திருகினேன்.

"தொடாதே" என்றார் மாமனார். அதற்குள் திருகிவிட்டேன்.

அடைத்து வைத்த சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நான் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது அது ஓர் ஆள் உயரத்துக்கு மஞ்சளாக எழும்பியது. மாப்பிள்ளை நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்கண்ணாடியைப் படுக்க வைத்திருந்தோம். எழும்பியது வளைந்து போய் மாமனாரின் மூக்குக்கண்ணாடியையும், பிறகு மாப்பிள்ளையையும், கழுத்திலிருந்து மடி வரை நனைத்தது. (என் இரண்டு விரலில்தான் கொப்புளம் போட்டது. தன்மேல் விழும்போது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்று பிற்பாடு மாப்பிள்ளையே சொன்னார்.)

நாதஸ்வரம் நின்றது. தவில் மட்டும் இரண்டு அடி அதிகமாக அடித்துவிட்டு நின்றது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் மெரூன் டையில் ஒரு புளி நார் தொங்குவது எல்லாருக்கும் தெரிந்தது.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றப் போனேன். எத்திராஜ் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தாதேம்மா. கொதிக்கிற இஞ்சின்ல பச்சத் தண்ணி பட்டா வெடிப்பு உட்டுரும். இன்னிக்கி இத்தோட உட்டுரு."

மாமனார் இஞ்சினை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "நான் இறங்கிடட்டுமா? நடந்தே வந்துடறேன்."

மாமனார் ஊருக்கெல்லாம் ஓட்டினார், அவருடைய சொந்த மாப்பிள்ளை பாதித் தெருவில் இறங்கி நடக்கப் போகிறார். எல்லாம் என்னால். அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் என்று இருந்தது.

எத்திராஜ்தான் பேசினார். "நீ எதுக்கு நைனா எறங்கறே? குந்திக்கினு இரு. நடந்து போற வேகத்துக்கு இஞ்சின் எதுக்கு? நாலு பேரு தள்ளுனா போயிக்கினே இருக்கும்."

இரண்டு நாளாக அந்த வீட்டில் பட்டதாரியான நான், வங்கி குமாஸ்தாவான என் கணவர், ரிட்டையரான ஆபீசராகிய மாமனார் மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். காரைத் தள்ளலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எத்திராஜுக்கும் அப்போதுதான் தோன்றியது என்று அவர் சத்தியம் செய்தார்.

எல்லார் கண்ணும் அத்தையிடம் போயிற்று. அவர் காரருகே வந்தார். அண்ணன் பிள்ளையின் டையிலிருந்த நாரை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். சூட்டுத் துணியைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"மஞ்சள்தானே. முகூர்த்தத்துக்கு முன்னாடி மேல மஞ்சள் பட்டா நல்லதுதான். தள்ளுங்கோடா" என்றார்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆறு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இஞ்சின் சத்தம் இல்லாததால் தோடி தெரு முழுக்கக் கேட்டது. வித்வான் இன்னும் உற்சாகமாக வாசித்தார். கார் மாப்பிள்ளையோடு மண்டப வாசலில் போய் நின்றது. நான் பின்னாலேயே ஒரு சொட்டுகூடக் குறையாத குடத்தோடு போனேன்.

மண்டபத்தில் மளிகை வைத்திருந்த அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். (சாய்ந்து உட்கார்ந்த மூட்டை புளி மூட்டை என்பது பிறகுதான் தெரிந்தது.) மாமனார் தேடிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"எதுக்கு அழறே? என் வண்டியில என் மாப்பிள்ளை வந்தாச்சு. எனக்கு அது போறும்" என்றார். போகிறவர் திரும்பி நின்றார். "ஆனா இனிமே ஏதாவது பண்ணிப் பார்க்கணும்னா உன் ஆத்துக்காரனோட ஸ்கூட்டர்ல பண்ணு."

கல்யாணம் முடிந்து ரேடியேட்டரைப் பிரித்த தி. நகர் ஆள், இவ்வளவு பளபளப்பாக ஒன்றைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றாராம். மூன்று புளியங்கொட்டைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினார். அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் புளி ஜாடி எனக்கு எட்டாத பரணுக்குப் போயிற்று. மாமியார் இருந்த வரை புளி கரைப்பது அவர் வேலையாகவே இருந்தது. ஒரு விதத்தில் எனக்கு லாபம்தான்.

மாப்பிள்ளையின் சந்தன நிறச் சூட்டில் பட்ட மஞ்சள் போகவே இல்லை. நங்கநல்லூரில் மாலதி வீட்டு பீரோவில் அந்தச் சூட்டு இன்றும் தொங்குகிறது. அந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வருகிற மருமகள், மாப்பிள்ளை எல்லாருக்கும் அதை எடுத்துக் காட்டி, "எங்க மன்னியோட பி.எஸ்ஸி. சர்டிஃபிகேட்" என்று மாலதி அறிமுகம் செய்து வைப்பாள்.

ஸ்ரீதரன் அன்றைக்கும் கோபப்படவில்லை, இன்றைக்கும் படுவதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், நான் ரசப் பாத்திரத்தின் மூடியில் கை வைத்ததுமே நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்து, இரண்டு கையாலும் சட்டையை மூடிக்கொள்வார். ஐம்பது வருஷமாக இதே கூத்து. போன தீபாவளிக்கு அவருடைய மூன்று வயதுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் மூடியைத் தொட்டேன். குழந்தையும் நாற்காலியை நகர்த்த முயன்று, முடியாமல், இரண்டு கையாலும் சட்டையை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது. அதற்குக் காரும் தெரியாது, ரேடியேட்டரும் தெரியாது. ரசம் விட்டுக்கொள்வதற்கு முன் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.